வாசலில் நின்று அரசியல் கதைப்பது: மேற்குச் சிட்னியில் புதிதாக வீடு வீடாகப் போகிறவர்களுக்கு

தேர்தல் நெருங்கினால் எங்கள் பிள்ளைகள் சிலர் வந்து கேட்பார்கள்: "மாமி, நானும் டோர் நொக் போகலாமோ? என்ன சொல்ல வேணும்?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன். நான் துங்காபியில் இருக்கிறேன், வைத்தியசாலையில் தாதி. மத்திய தேர்தல், மாநிலத் தேர்தல், மாநகர சபை, 2023 சர்வஜன வாக்கெடுப்பு என்று எல்லாவற்றுக்கும் வாசல்களில் நின்றிருக்கிறேன். எந்தக் கட்சிக்கு என்பது இந்தக் குறிப்புக்குத் தேவையில்லை. எந்த நிறச் சட்டை போட்டாலும் வேலை இதுதான்.

நீங்கள் யாரிடம் போகிறீர்கள்

இணையத்தில் கிடைக்கிற பிரசாரப் பயிற்சிகளில் பெரும்பகுதி அமெரிக்காவில் செய்தவை. அவற்றைப் பார்த்துவிட்டு வராதீர்கள் என்று சொல்லமாட்டேன், ஆனால் ஒன்றை நினைவில் வைத்துக்கொண்டு பாருங்கள். அங்கே தொண்டரின் பாதி உழைப்பு ஆட்களை வீட்டிலிருந்து கிளப்பி வாக்குச்சாவடிக்குக் கொண்டுபோவதில் போகிறது. அவுஸ்திரேலியாவில் அந்த வேலையைச் சட்டமே செய்துவிடுகிறது. 1922 தேர்தலில் இங்கே வாக்களித்தவர்கள் 60 சதவீதத்துக்கும் குறைவு. 1924இல் வாக்களிப்பைக் கட்டாயமாக்கினார்கள்; அடுத்த வருடமே அது 91 சதவீதத்தைத் தாண்டியது. இன்றும் ஏறக்குறைய அந்த அளவில்தான் நிற்கிறது. மத்திய தேர்தலில் தகுந்த காரணம் இல்லாமல் வாக்களிக்காவிட்டால் தண்டம் 20 டொலர். தொகை சின்னதுதான், ஆனாலும் சனம் போகிறது.

இதனால் என்ன வருகிறது என்றால், அரசியலில் துளியும் அக்கறை இல்லாதவரும் இங்கே வாக்களிக்கிறார். செய்தி பார்க்காதவர், எல்லாரிலும் வெறுப்பில் இருப்பவர், "எனக்கு ஒருத்தரும் ஒன்றும் செய்யேல்லை" என்பவர், இவர்கள் எல்லாரும் சனிக்கிழமை வரிசையில் நிற்பார்கள். நெருக்கமான தொகுதிகளில் முடிவைத் தீர்மானிப்பதும் பல நேரம் இவர்கள்தான். ஆகவே ஆர்வமுள்ள ஆளைத் தேடிக்கொண்டு வீதி வீதியாகப் போகாதீர்கள். நம்பிக்கை போன ஆளிடம் ஐந்து நிமிடம் நின்று கேட்கக்கூடியவர்தான் இங்கே நல்ல தொண்டர். இந்த முழுக் குறிப்பும் அந்த ஐந்து நிமிடத்தைப் பற்றியதுதான்.

நம்பிக்கை ஏன் போனது என்று தெரிந்துகொண்டு போங்கள்

அவுஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகம் 1987இலிருந்து ஒவ்வொரு மத்திய தேர்தலுக்குப் பிறகும் வாக்காளர்களிடம் ஆய்வு செய்கிறது. 2007இல் 86 சதவீதத்தினர் இந்நாட்டு ஜனநாயகம் நடக்கும் விதத்தில் திருப்தி என்றார்கள். 2019இல் அது 59 ஆக விழுந்தது. ஆட்சியில் இருப்பவர்களை நம்பலாம் என்று அந்த வருடம் சொன்னவர்கள் நான்கில் ஒருவர்தான். 2022இல் திருப்தி 70க்கு ஏறியது. அதற்கு முந்தைய ஆய்வுகளோடு சேர்த்துப் பார்த்தால் இன்னொன்றும் உண்டு: எப்போதும் ஒரே கட்சிக்குத்தான் போட்டேன் என்றவர்கள் 1967இல் 72 சதவீதம், 2022இல் 37. "அந்த வீடு எங்கட கட்சி வீடு" என்கிற பழைய கணக்கு இனிச் சரிவராது.

இலக்கத்தை மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை. வாசலில் கேட்கப்போகிற கோபத்துக்குப் பின்னால் இருப்பதைத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். 2010க்கும் 2018க்கும் இடையில் ரட், கிலார்ட், அபட், டேர்ன்புல் என்று பதவியிலிருந்த நான்கு பிரதமர்களை அவரவர் கட்சியே கட்சிக் கூட்டத்தில் வைத்து இறக்கியது. "நான் ஆருக்குப் போட்டேன், ஆர் ஆள்றது?" என்று ஒருவர் கேட்டால் அது நியாயமான கேள்வி. அப்புறம் ரோபோடெட். வருட வருமானத்தைச் சராசரி எடுத்துக் கணக்குப் போட்டு, உதவித்தொகை எடுத்த ஏழைகளுக்கு இல்லாத கடனை அரசாங்கம் கடிதத்தில் அனுப்பியது. அது சட்டத்துக்கு விரோதமானது என்பதை 2023இல் ராயல் கமிஷன் அறிக்கை விவரமாக எழுதியது. அந்தக் கடிதம் வந்த வீடுகள் எங்கள் பக்கம் ஏராளம்.

எங்கள் பகுதிக்கென்றே ஒரு காயம் உண்டு. 2021 கோவிட் முடக்கத்தில் ஃபெயார்ஃபீல்ட், கம்பர்லேண்ட், பிளாக்டவுன், பரமட்டா போன்ற மாநகர சபைப் பகுதிகளுக்குத் தனி விதி வந்தது. இரவு ஒன்பதிலிருந்து காலை ஐந்து வரை ஊரடங்கு. தெருவில் பொலிஸோடு இராணுவமும் நின்றது. கடற்கரைப் பக்கத்துப் பணக்காரப் பகுதிகளில் அதே நாட்களில் சனம் வெயில் காய்ந்த படங்களை இங்குள்ளவர்கள் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். போர்க்காலத்தில் ஊரடங்கைக் கண்டு ஓடிவந்த எங்கள் வயதானவர்களுக்கு அது என்ன செய்திருக்கும் என்று நான் விளக்கத் தேவையில்லை.

அடுத்த வருடம் ஃபௌலர் தொகுதியில் நடந்ததை இந்த ஒழுங்கில் வைத்துப் பாருங்கள். கப்ரமட்டாவை நடுவில் கொண்ட தொகுதி; வியட்நாமிய, கம்போடிய, அரபுக் குடும்பங்கள் நிறைந்தது; லேபர் கட்சிக்கு அசைக்க முடியாத இடம். உள்ளூர் வியட்நாமியப் பெண் வழக்கறிஞர் ஒருவர் தயாராக இருக்க, கட்சி மேலிடம் கிறிஸ்டினா கெனீலியை வெளியிலிருந்து கொண்டுவந்து நிறுத்தியது. மக்கள் சுயேச்சையான டாய் லேயைத் தெரிவு செய்தார்கள். 2025இல் மறுபடியும் அவரே வென்றார். சனத்துக்கு அரசியலில் அக்கறை இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஃபௌலரைத்தான் காட்டுவேன். தங்களைக் கேட்காமல் முடிவெடுத்தால் அவர்கள் கவனிக்கிறார்கள்.

போவதற்கு முன்

சனிக்கிழமை காலை பத்திலிருந்து ஒரு மணி வரை நல்ல நேரம். கிழமை நாட்களில் பின்னேரம் நான்கிலிருந்து ஆறரை வரை. இருட்டிய பிறகு கதவு தட்டாதீர்கள், தனியே வாழும் வயதானவர்கள் பயப்படுவார்கள். ஸ்டேட் ஒஃப் ஒரிஜின் ரக்பி நடக்கிற புதன்கிழமை இரவு ஒருவரும் உங்களோடு கதைக்கமாட்டார்கள்.

இருவராகப் போங்கள், வீதியின் இரண்டு பக்கமும் ஒருவர் ஒருவராக, ஒருவரையொருவர் பார்க்கக்கூடிய தூரத்தில். தொப்பி, தண்ணீர்ப் போத்தல், சன்ஸ்கிரீன், நடக்கிற சப்பாத்து. படலையைத் திறக்கமுன் ஒரு தரம் ஆட்டிச் சத்தம் காட்டுங்கள், நாய் இருந்தால் அப்போதே குரைக்கும். திறந்த படலையைத் திரும்பி வரும்போது மூடிவிட்டு வாருங்கள். "கதவு தட்ட வேண்டாம்" ஸ்டிக்கர் சட்டப்படி விற்பனைக்காரருக்குத்தான், பிரசாரத்துக்குப் பொருந்தாது. ஆனாலும் விட்டுவிட்டுப் போங்கள். அந்த வீட்டுக்காரர் தன் விருப்பத்தை ஏற்கெனவே எழுதி ஒட்டியிருக்கிறார்.

நீங்களாகத் தமிழில் துண்டுப்பிரசுரம் எழுதி அடிக்க ஆசை வரும். நல்ல ஆசை, ஆனால் பிரசாரப் பொறுப்பாளரைக் கேட்காமல் செய்யாதீர்கள். தேர்தல் பிரசுரம் என்றால் யாருடைய அனுமதியில் வெளியானது என்ற வரி அதில் இருக்க வேண்டும், எந்த மொழியில் இருந்தாலும்.

அந்த ஐந்து நிமிடம்

மணியை அழுத்திவிட்டு இரண்டு அடி பின்னுக்கு வந்து நில்லுங்கள். கம்பிவலைக் கதவுக்குள் இருப்பவருக்கு உங்கள் முகமும் கையும் தெரிய வேண்டும். பெயர், எந்த ஊர், யாருக்காக வந்த தொண்டர், இந்த மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள். "நான் துங்காபியில இருக்கிறேன்" என்பது எந்தக் கட்சிப் பெயரையும்விட வேலை செய்யும். சம்பளத்துக்கு வந்தவரில்லை, பக்கத்து ஊர் ஆள் என்று தெரிந்தால் கதவு இன்னும் கொஞ்சம் திறக்கும்.

பிறகு கேள்வி. "இந்தப் பக்கத்தில உங்களுக்கு இப்ப பெரிய கவலை என்ன?" கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள். புதியவர்களுக்கு இதுதான் கஷ்டம். இரண்டு விநாடி மௌனம் வந்தவுடன் கையிலிருக்கிற துண்டுப்பிரசுரத்தை வாசிக்கத் தொடங்கிவிடுவார்கள். நோயாளிக்கு எங்கே நோகுது என்று கேட்காமல் மருந்து கொடுக்கிற மாதிரி அது. காத்திருந்தால் பதில் வரும்: வாடகை, மின்சாரக் கட்டணம், குடும்ப வைத்தியரிடம் போனால் கையிலிருந்து கட்டுகிற காசு, மகனுக்கு வீடு வாங்க முடியாதது, ரயில் நிலையத்துப் பார்க்கிங்.

சொன்னதையே ஒரு தரம் திருப்பிச் சொல்லுங்கள். அடுத்ததாக "அது உங்கட வீட்டில எப்படித் தாக்குது?" என்று கேளுங்கள். இங்கேதான் கதை மாறும். கருத்தாக இருந்தது அனுபவமாக வரும். அதற்குப் பிறகு உங்கள் வாழ்க்கையிலிருந்து ஒன்றைச் சுருக்கமாகச் சொல்லுங்கள், நான்கு வசனத்துக்கு மேல் வேண்டாம். நான் என் இரவு வேலையைச் சொல்வேன், அவசரப் பிரிவில் கட்டில் இல்லாமல் கதிரையில் விடியும்வரை இருந்த ஒரு தாத்தாவைச் சொல்வேன். அதன் பிறகுதான் வேட்பாளரின் பெயர்.

இப்படிக் கேட்டுக் கதைப்பது மனதை மாற்றுமா என்பதை முறையாகச் சோதித்திருக்கிறார்கள். டேவிட் ப்ரூக்மன், ஜோஷுவா கல்லா என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட மியாமி ஆய்வில், தீர்ப்புச் சொல்லாமல் இருவர் தங்கள் அனுபவத்தைப் பகிரும் சுமார் பத்து நிமிடப் பேச்சு, திருநர் மீதான வெறுப்பைக் குறைத்தது. அந்த மாற்றம் மூன்று மாதமாவது நிலைத்தது. இதே முறையைப் பற்றி அதற்கு முன் வந்த ஒரு பிரபல ஆய்வின் தரவுகள் நம்பத்தகாதவை என்று வெளிக்கொண்டுவந்ததும் இவர்களே. பொய்யைக் கண்டுபிடித்துவிட்டு, உண்மையாகவே செய்து பார்த்தவர்கள் என்பதால் எனக்கு அந்த முடிவில் மதிப்பு அதிகம்.

வாதம் செய்யாதீர்கள். ஒருவர் சொன்ன தகவல் தவறாக இருந்தால் "நான் கேள்விப்பட்டது வேற மாதிரி" என்று ஒரு தரம் சொல்லலாம், இரண்டாம் தரம் வேண்டாம். வாசலில் தோற்கடிக்கப்பட்டவர் உள்ளே போய் இன்னும் உறுதியாகிவிடுவார், அயலவர் முன்னால் என்றால் கேட்கவே தேவையில்லை.

ஒரு கட்சியை விரும்புபவர் எல்லாவற்றிலும் அந்தக் கட்சி நினைப்பதையே நினைப்பார் என்றும் எண்ணாதீர்கள். 2017 ஒருபாலினத் திருமண அஞ்சல் கணக்கெடுப்பில் நாடு 61.6 சதவீதம் ஆம் என்றது. இல்லை என்ற தொகுதிகள் 17 மட்டும். அவற்றில் 12 மேற்குச் சிட்னியில். அவற்றில் பெரும்பாலானவை வழக்கமாக லேபருக்கு வாக்களிக்கிற தொகுதிகள். வீட்டுக்குள் என்ன இருக்கிறது என்பது கதவைத் தட்டினால்தான் தெரியும்.

"இவங்கள் எல்லாரும் ஒன்றுதான்"

இதைக் கேட்காமல் ஒரு வீதியை முடிக்கமாட்டீர்கள். தமிழிலும் கேட்பீர்கள், ஆங்கிலத்திலும் கேட்பீர்கள். மறுக்கத் தேவையில்லை. "ஏன் அப்பிடிச் சொல்றீங்க, ஏதும் நடந்ததோ?" என்று கேளுங்கள். பெரும்பாலும் ஏதோ நடந்திருக்கும்.

பெண்டில் ஹில்லில் ஒரு ஐயா. எழுபது தாண்டியவர், குழாயைப் பிடித்துக் கறிவேப்பிலைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். "எல்லாரும் கள்ளர், பிள்ளை. போய் வேற வேலையைப் பார்" என்றார். அதே கேள்வியைக் கேட்டேன். குழாயை மூடவில்லை, ஆனால் கதைத்தார். மனைவியைப் பராமரிக்க உதவி கேட்டு விண்ணப்பம் போட்டு, மாதக்கணக்காகப் பதில் இல்லை. தொலைபேசியில் எடுத்தால் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. நான் அவருக்குக் கொள்கை சொல்லவில்லை. "ஐயா, வாக்கு எண்ணுற ஆக்களை நம்புறீங்களோ?" என்று கேட்டேன். யோசித்தார். "அது சரியாத்தான் எண்ணுவாங்கள்" என்றார். அப்போ அந்தச் சீட்டு வீணாகாது என்பதில் நாங்கள் இருவரும் ஒரே பக்கம். தொகுதி உறுப்பினரின் அலுவலகம் எங்கே, விண்ணப்ப இலக்கத்தோடு போய் என்ன கேட்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அந்த உறுப்பினர் நான் வேலை செய்த கட்சியைச் சேர்ந்தவர் இல்லை. அதையும் அவரிடம் சொன்னேன்.

அரசியல்வாதிகளை நம்பாததும் முறையை நம்பாததும் வேறு வேறு. முதலாவது ஓரளவு ஆரோக்கியமானதுகூட. இரண்டாவது போய்விட்டால் மீட்பது மிகக் கடினம், இதை இலங்கையிலிருந்து வந்த எங்களுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. ஆகவே எதிர்க்கட்சியை அடிக்கிற அவசரத்தில் தேர்தல் முறையையே சந்தேகிக்கிற பேச்சு உங்கள் வாயிலிருந்து வரக்கூடாது. உங்கள் பக்கம் தோற்றாலும் வரக்கூடாது. இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

எங்கள் ஆட்களின் வாசலில்

தமிழ் வீடுகளில் முதலில் வருவது பயம். பெயர் பட்டியலில் ஏறினால் யார் பார்ப்பார்கள், யாருக்குப் போட்டேன் என்று தெரியவருமா, விசாவுக்கு ஏதும் நடக்குமா. சிரித்துச் சமாளிக்காமல் விளக்கமாகப் பதில் சொல்லுங்கள். வாக்குச்சீட்டில் பெயரோ இலக்கமோ இல்லை. அரசாங்கம் அச்சடித்த சீட்டில் மறைவாக வாக்களிக்கும் முறையை 1856இலேயே விக்டோரியாவும் தென் அவுஸ்திரேலியாவும் கொண்டுவந்துவிட்டன, உலகத்துக்கே முன்னோடியாக. விலாசம் வெளியே தெரிந்தால் ஆபத்து என்பவர் தேர்தல் ஆணையத்துக்கு விண்ணப்பித்து, விலாசம் இல்லாமல் பட்டியலில் இருக்கலாம். பதியாமல் ஒளித்திருக்கத் தேவையில்லை.

இரண்டாவது, சீட்டு நிரப்புவது. தயவுசெய்து இதற்கு நேரம் கொடுங்கள். நாட்டிலேயே செல்லாத வாக்குகள் அதிகம் விழுகிற தொகுதிகளில் பிளாக்ஸ்லேண்டும் ஃபௌலரும் தொடர்ந்து முன்னுக்கு நிற்கின்றன. இரண்டும் எங்கள் பக்கம்தான். காரணம் வெறுப்பு மட்டுமில்லை, குழப்பமும்தான். இலங்கையில் நாங்கள் புள்ளடி போட்டுப் பழகியவர்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் இயந்திரத்தில் பொத்தானை அழுத்திப் பழகியவர்கள். இங்கே இரண்டும் சரிவராது. மத்திய தேர்தலில் பிரதிநிதிகள் சபைக்கான பச்சைச் சீட்டில் எல்லாப் பெட்டிக்கும் 1, 2, 3 என்று கடைசிவரை இலக்கம் போட வேண்டும். செனட்டின் நீண்ட வெள்ளைச் சீட்டில் கோட்டுக்கு மேலே, கட்சிகளுக்கு, என்றால் குறைந்தது 6 பெட்டிக்கு; கீழே, தனித்தனி வேட்பாளர்களுக்கு, என்றால் குறைந்தது 12 பெட்டிக்கு. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத் தேர்தலின் கீழ்ச்சபைச் சீட்டில் 1 மட்டும் போட்டாலே செல்லும். மாநிலத் தேர்தலில் அப்படிப் போட்டுப் பழகியவர் மத்திய தேர்தலிலும் 1 மட்டும் போட்டுவிட்டு வந்துவிடுவார், அது செல்லாது. பிழையாக எழுதிவிட்டால் அதைக் கொடுத்துப் புதுச் சீட்டுக் கேட்கலாம் என்பது எங்கள் பெரியவர்கள் பலருக்குத் தெரியாது. வெட்கத்தில் அப்படியே மடித்துப் போட்டுவிடுவார்கள்.

"சின்னக் கட்சிக்குப் போட்டால் வாக்கு வீண்" என்பதும் அடிக்கடி வரும். முதல் விருப்பு வெல்லாவிட்டால் வாக்கு அடுத்த விருப்புக்கு முழு மதிப்போடு போகும். 2022இல் லேபருக்கு முதல் விருப்பு வாக்கு 33 சதவீதத்துக்கும் குறைவு. மற்றவர்களின் விருப்பு வாக்குகள் வந்து சேர்ந்துதான் 77 ஆசனம் கிடைத்தது. விருப்பு ஒழுங்கை எழுதுவது நீங்கள்தான். இப்படி இலக்கம் போடுங்கள் என்று கட்சி கொடுக்கிற அட்டையில் உள்ளது ஆலோசனை மட்டுமே என்றும் சொல்லுங்கள். உங்கள் கட்சி அட்டையையே கொடுத்துக்கொண்டு சொல்லுங்கள்.

அம்மாவின் சீட்டை மகன் நிரப்பலாமா என்று கேட்பார்கள். தனியே செய்ய முடியாத அம்மா தானே ஒருவரைத் தெரிவு செய்து உதவிக்கு அழைக்கலாம், மகனாகவும் இருக்கலாம். வேட்பாளர் உதவக்கூடாது. அம்மா சொல்வதைத்தான் மகன் எழுத வேண்டும்.

இன்னும் குடியுரிமை கிடைக்காதவர்கள் வாக்களிக்க முடியாது. ஆனால் கதவு தட்டலாம். எனக்குத் தெரிந்த மிக நல்ல தொண்டர்களில் சிலர் இன்னும் ஒரு வாக்குக்கூடப் போடாதவர்கள்.

எண்ணுகிற மேசைக்கு ஒரு தரமாவது போங்கள்

இதைச் சொன்னால் பலர் ஆர்வம் காட்டுவதில்லை, ஆனால் தொண்டருக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது. வேட்பாளர் கையெழுத்திட்டு நியமித்தால் எண்ணிக்கைக் கண்காணிப்பாளராக உள்ளே நிற்கலாம். மாலை ஆறு மணிக்குப் பாடசாலை மண்டபக் கதவு மூடுவார்கள். பெட்டியின் முத்திரை இலக்கத்தைப் பதிவோடு ஒப்பிட்டு உடைப்பார்கள். சீட்டுகளை மேசையில் கொட்டி, விரித்து, பச்சையை முதலில் முதல் விருப்பின்படி அடுக்குவார்கள். நாங்கள் பின்னால் நின்று பார்க்கலாம், கேள்வி கேட்கலாம், ஆட்சேபிக்கலாம். ஒரு சீட்டையும் தொட முடியாது. எல்லாக் கட்சிக்காரரும் தோளோடு தோள் நிற்பார்கள். ஒரு இலக்கம் 1ஆ 7ஆ என்று ஐந்து பேர் குனிந்து பார்த்து, கடைசியில் பொறுப்பதிகாரி முடிவு சொல்வார். எட்டுப் பெட்டியில் ஏழுக்கு ஒழுங்காக இலக்கம் போட்டு ஒன்றை விட்டிருந்தால் அதைக் கடைசி விருப்பாக எடுத்து, செல்லுபடியாகும் வாக்காகச் சேர்ப்பார்கள். வாக்காளரின் எண்ணத்தைக் காப்பாற்றத்தான் அங்கே எல்லாரும் பாடுபடுகிறார்கள். அதை ஒரு இரவு கண்ணால் பார்த்தவர் வாசலில் "எண்ணிக்கை சரியாத்தான் நடக்குது" என்று சொல்லும்போது குரலே வேறு.

உங்கள் மனதைப் பற்றி

ஏன் சிலர் இறங்குகிறார்கள், சிலர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்? மார்ட்டின் வான் சோமரனும் சக உளவியலாளர்களும் 2008இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து மூன்று காரணங்கள் சொன்னார்கள்: இது அநியாயம் என்ற உணர்வு, நாங்கள் ஒரு கூட்டம் என்ற உணர்வு, சேர்ந்தால் மாற்றலாம் என்ற நம்பிக்கை. தமிழர்களுக்கு முதலாவதில் ஒரு நாளும் குறைவு இருந்ததில்லை. மூன்றாவதுதான் எங்களிடம் அடிபட்டுப் போனது.

அதற்குப் பிலோவீலாவைப் பாருங்கள். குயின்ஸ்லாந்தின் உள்நாட்டில் மாட்டுப் பண்ணையும் நிலக்கரியும் உள்ள சின்ன ஊர், வலதுசாரிக் கூட்டணிக்கு வாக்களிக்கிற பகுதி. 2018 மார்ச் 5 விடியற்காலை அங்கிருந்த ஒரு ஈழத்தமிழ்க் குடும்பத்தை, இரண்டு சின்னப் பெண் பிள்ளைகளோடு, அதிகாரிகள் எடுத்துக்கொண்டு போனார்கள். ஊர்ப் பெண்கள் சிலர் தொடங்கிய இயக்கம் நான்கு வருடம் விடவில்லை. மெல்பேர்ண் தடுப்பு, கிறிஸ்மஸ் தீவு, பேர்த் வைத்தியசாலை என்று அந்தக் குடும்பம் அலைக்கப்பட்ட காலம் முழுவதும் அவர்கள் ஒரே வசனத்தைத்தான் சொன்னார்கள்: எங்கள் ஊர்க் குடும்பத்தை வீட்டுக்கு அனுப்புங்கள். அகதிக் கொள்கை பற்றிய பெரிய வாதத்துக்குள் ஊரை இழுக்கவில்லை. "நாங்கள்" என்ற சொல்லுக்குள் அந்தக் குடும்பத்தையும் கொண்டுவந்தார்கள், அதனால் எந்தக் கட்சிக்காரருக்கும் அதில் இடமிருந்தது. 2022 மே மாதம் ஆட்சி மாறியது, ஜூனில் குடும்பம் ஊர் திரும்பியது, ஆகஸ்டில் நிரந்தர விசா கிடைத்தது. அந்த நான்கு வருடத்தில் கைவிடுவதற்கு நல்ல காரணங்கள் எத்தனையோ வந்தன.

தோல்விக்கும் தயாராக வாருங்கள். 2023 அக்டோபர் 14இல் பூர்வகுடிகளுக்கான ஆலோசனை சபையை அரசியலமைப்பில் சேர்க்கக் கேட்ட "குரல்" சர்வஜன வாக்கெடுப்பு 60 சதவீத எதிர்ப்போடு, ஆறு மாநிலத்திலும் தோற்றது. நான் ஆம் பக்கம் நின்றேன். அன்று இரவே எங்கள் குழுவில் பிளவு தெரிந்தது. குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழக உளவியலாளர் வின்னிஃப்ரெட் லூயிஸ், தோல்விக்குப் பிறகு தொண்டர்கள் போகும் திசைகளைப் படித்திருக்கிறார்: சிலர் கூட்டத்திலிருந்தே விலகிவிடுகிறார்கள், சிலர் வேறு வழி தேடுகிறார்கள், சிலர் இதை அறப் பிரச்சினையாகவே பார்த்து இறுகுகிறார்கள், சிலர் இரட்டிப்பு வேகத்தோடு திரும்புகிறார்கள். எங்கள் குழுவில் நான்கும் இருந்தன. இறுகியவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. எதிராகப் போட்டவர்கள் எல்லாரும் கெட்டவர்கள் என்று முடிவெடுத்துவிட்டவரால் அடுத்த தேர்தலில் கதவு தட்ட முடியாது, முகத்திலேயே தெரிந்துவிடும். அப்படிப்பட்டவரை வாசலுக்கு அனுப்பாமல் கொஞ்ச நாள் பட்டியல் வேலையோ தபால் வேலையோ கொடுங்கள், ஆனால் தனியே விடாதீர்கள்.

உங்களுக்கென்று சில எல்லைகள் வையுங்கள். கிழமைக்கு ஒரு முறைக்கு மேல் வேண்டாம், கடைசி இரண்டு கிழமை தவிர. முடித்தவுடன் வீட்டுக்கு ஓடாமல் குழுவோடு இருந்து ஒரு தேத்தண்ணீர் குடித்து, அன்று கேட்ட மோசமான வார்த்தையைச் சொல்லிவிட்டுப் போங்கள். "உன்ர நாட்டுக்குப் போ" என்று யாராவது சொல்லக்கூடும். சொன்னால் திரும்பி நடந்துவிடுங்கள், அந்த வீட்டைக் குறித்துக்கொள்ளுங்கள், அன்றைக்கு அதற்கு மேல் ஒரு வீடும் தட்ட வேண்டாம். இரவில் முகநூலில் சண்டை பிடிக்கிற தொண்டர் காலையில் வாசலில் கேட்கும் பொறுமையை இழந்துவிடுகிறார் என்பதை நான் பலரிடம் பார்த்துவிட்டேன்.

வாக்களிப்பு நாட்களும் அதற்குப் பிறகும்

இப்போது பெரும் பங்கு வாக்காளர்கள் தேர்தல் நாளுக்கு முன்பே போட்டுவிடுகிறார்கள். முன்கூட்டிய வாக்களிப்பு மத்திய தேர்தலில் அதிகபட்சம் பன்னிரண்டு நாள் திறந்திருக்கும். ஆகவே வாசலில் கடைசிக் கேள்வி "எப்ப போகப் போறீங்க, எந்த இடத்துக்கு?" என்பதாக இருக்கட்டும். சாவடியில் அட்டை கொடுக்கும்போது நுழைவாயிலிலிருந்து ஆறு மீற்றருக்குள் நிற்கக்கூடாது. எதிர்க்கட்சித் தொண்டருக்கும் தண்ணீர் கொடுங்கள், சொசேஜ் வாங்கப் போகும்போது அவருக்கும் வேண்டுமா என்று கேளுங்கள். வரிசையில் நிற்கும் சனம் இதையெல்லாம் பார்க்கிறது.

ஒவ்வொரு வீட்டையும் விட்டு வந்தவுடன், படலையடியிலேயே நின்று இரண்டு வரி எழுதுங்கள்: என்ன கவலை, என்ன கேட்டார், என்ன செய்வதாகச் சொன்னீர்கள். தேர்தல் முடிந்து ஒரு மாதத்துக்குள் அந்தக் குறிப்போடு அதே வீதிக்குத் திரும்பிப் போங்கள். வென்றாலும் போங்கள், தோற்றாலும் போங்கள். கட்சி இதற்கு ஆள் ஒதுக்காது, நீங்களாகத்தான் செய்ய வேண்டும். "நீங்கள் பார்க்கிங் பற்றிச் சொன்னீங்கள், மாநகர சபைக்கு எழுதினேன், இதுதான் பதில்" என்று சொன்னால் போதும், அந்தப் பதில் "முடியாது" என்பதாக இருந்தாலும். வாக்குக் கேட்காமல் வந்த ஒரே ஆள் நீங்களாக இருப்பீர்கள்.

நியூ சவுத் வேல்ஸ் மாநிலத் தேர்தல் 2027 மார்ச்சில். பழக ஆசைப்படுகிறவர்கள் அதற்கு ஆறு மாதம் முன்பே தொடங்குங்கள், உங்கள் சொந்த வீதியில், பத்து வீடு. முதல் நாள் துண்டுப்பிரசுரம் எதுவும் கொண்டுபோகாதீர்கள். ஒரு பேனையும் கொப்பியும் போதும்.